சுழி போட்ட போல்டர்

செல்லச்சாமி அண்ணன் எதையும் சும்மா ஆரம்பிக்க மாட்டார். மளிகைச் சீட்டானாலும் சரி, விதைப் பொட்டலமானாலும் சரி, வத்தல் மூட்டையில் கட்டுகிற அட்டையானாலும் சரி, தலையில் ஒரு உ போட்டாக வேண்டும். பிள்ளையார் சுழி விழாத காகிதத்தை அவர் காகிதமாகவே மதிப்பதில்லை. நான் இந்த ஊருக்கு வந்த முதல் வாரம் அவருக்குச் சர்க்கரை பார்த்து ஓர் அட்டை எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அட்டை திரும்பி வந்தது. என் எழுத்துக்கு மேலே நீல மையில் பெரிதாக ஓர் உ.

"இப்பத்தான் நர்சம்மா அட்ட முழுசா இருக்கு. இனிமே பாருங்க, கொறஞ்சிரும்" என்றார். சர்க்கரை குறையவில்லை. மனுசர் வருந்தவும் இல்லை.

நான் மெஹருன்னிசா, கிராம சுகாதார செவிலியர். சொந்த ஊர் அக்காள்மடம். வீட்டு வாசலில் நின்றால் கடல் காற்றில் முந்தானை நிற்காது. அங்கிருந்து என்னைத் தூக்கி, கமுதிக்குத் தெற்கே கருவேலமும் மிளகாய்க் கொல்லையும் தவிர வேறெதுவும் தெரியாத இந்த ஊரில் போட்டார்கள். துணை சுகாதார நிலையம் மழைக்கு ஒழுகியதால் செல்லச்சாமி அண்ணன் வீட்டு முன்னறையில் வாடகைக்குக் குடியேறினேன். நாலு வருசம் ஆகிவிட்டது. கட்டடத்தைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டார்கள், நான்தான் கிளம்பவில்லை. சேதுலட்சுமி மதினியின் வத்தக்குழம்பு அப்படி.

அவர்களுக்கு ஒரே மகள், யுவராணி. மதுரையில் மருத்துவக் கருவிகள் சம்பந்தமான எஞ்சினியரிங் படித்தாள். சென்னையில் இரண்டு வருசம் வேலை பார்த்தாள். ஒரு அறையில் ஆறு பேர், பகலிலும் லைட் போட வேண்டிய ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெயில். போன ஐப்பசியில் பெட்டியோடு வந்து இறங்கியவள், வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி ஒரு வேலையைத் தேடிப் பிடித்தாள். மூளையை ஸ்கேன் எடுக்கிறார்களே, அந்தப் படங்களை அலசி அளவு சொல்கிற சாப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கிற வேலை. ஆராய்ச்சிக் கூடம் ஒன்று அதை உருவாக்கி உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளுக்கும் கல்லூரிகளுக்கும் சும்மாவே கொடுக்கிறதாம். அதன் பொறுப்பாளர் யோகேஸ்வரன் என்பவர் பெங்களூரில் இருக்கிறார்.

ஊருக்குள் பேச்சு வேறு மாதிரி இருந்தது. புள்ளைய வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க, அத மறைக்கக் கம்ப்யூட்டரத் தொறந்து வச்சிக்கிட்டு உக்காந்திருக்கு என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அப்படிச் சொன்ன இரண்டு பேருக்கு அடுத்த ஊசியைக் கொஞ்சம் பலமாகவே போட்டேன்.

பங்குனி பிறந்து வத்தல் களத்துக்கு வந்த நேரம் யுவராணிக்கு இறுதிச் சோதனை வந்தது. புது பதிப்பை மூன்று விதமான கம்ப்யூட்டரில் ஏற்றி, ஐந்து பேருடைய மூளைப் படங்களை ஒவ்வொன்றிலும் ஓட்டி, மூன்றிலும் ஒரே அளவு வருகிறதா என்று பார்த்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கை சரியாகப் போனால் வீட்டிலிருந்தபடியே நிரந்தர வேலை. போகாவிட்டால் பழைய சென்னை கம்பெனி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டியதுதான்.

"எனக்கு இங்கனயே இருந்து வேல பாக்கணும்க்கா. லீவுக்கு லீவு வந்து விருந்தாளி மாதிரி சாப்பிட்டுப் போறதுக்கா எனக்கு வீடு?" என்று என்னிடம் சொன்னாள். சொல்லும்போது குரல் இடறியது.

மூன்று கம்ப்யூட்டருக்கு எங்கே போவது? லினக்ஸ் போட்ட கறுப்புப் பெட்டி ஒன்றை ஆராய்ச்சிக் கூடமே அனுப்பியிருந்தது. விண்டோஸ் லேப்டாப் அவள் கல்லூரிக் காலத்தது. மேக் மட்டும் இல்லை. என் தம்பி பாக்கர் ஏர்வாடியில் கலியாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவன், அவனிடம் ஒரு மேக் உண்டு. போன் போட்டேன்.

"லாத்தா, ஞாயித்துக்கெழம கலியாணம் இருக்கு. சனிக்கெழம காலையில நானும் மேக்கும் ஏர்வாடியில இருக்கணும்" என்றான்.

"இருப்பலே. இன்னைக்குக் கெளம்பி வா."

"கூடவே நானும் இருக்கணுமா?"

"மேக்க தனியா பஸ்ல ஏத்தி விடுவியாலே?"

செவ்வாய்க்கிழமை காலை வந்து சேர்ந்தான். அம்மா கொடுத்துவிட்ட நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் ஒரு கையில், மேக்கை மார்போடு அணைத்தபடி ஒரு கை. களத்தைத் தாண்டும்போதே தும்ம ஆரம்பித்தவன் தண்ணீர்ச் செம்பு கைக்கு வரும் வரை நிறுத்தவில்லை. இருபது மூட்டை முண்டு மிளகாய் வத்தல் வாசலுக்கு எதிரே சிவப்பாய்க் காய்ந்துகொண்டிருந்தது. பழகாத மூக்கு என்ன பாடு படும் என்று வந்த புதிதில் பட்டவள் நான்.

"இது ஊரா லாத்தா, இல்ல பொடி டப்பாவா?" என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சேதுலட்சுமி மதினி சிரித்துவிட்டாள். "மூணு நாள் இருங்க தம்பி. அப்புறம் பொடி இல்லாம மூச்சு வராது ஒங்களுக்கு."

நடு வீட்டில் மேசை போட்டு மூன்று கம்ப்யூட்டரையும் வரிசையாக வைத்தாள் யுவராணி. அவளுடைய அய்யா, செல்லச்சாமி அண்ணன், குளித்துத் திருநீறு பூசி வந்து நின்றார்.

"தாயி, எல்லாத்தையும் எங்கன எழுதி வைக்கப் போற?"

"ஒரு போல்டர்குள்ளய்யா. சாப்ட்வேரும் படமும் ரிசல்ட்டும் எல்லாம் அதுக்குள்ளதான்."

"அந்தப் போல்டருக்கு என்ன பேரு?"

"என்ன வேணா வைக்கலாம்."

"அப்ப சுழி வையி."

யுவராணி என்னைப் பார்த்தாள். நான் கருவாட்டுப் பொட்டலத்தைப் பார்த்தேன். இந்த விசயத்தில் அவரோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர் யாரும் அந்த வீட்டில் இல்லை. தமிழ் விசைப்பலகையை வரவழைத்து, மூன்றிலும் ஒவ்வொரு போல்டர் திறந்து, உ என்று பெயர் வைத்தாள்.

மேக்கில் வைக்கும்போது பாக்கர் குறுக்கிட்டான். "மாமா, இதுல ஏற்கெனவே 786ன்னு எங்க போல்டர் இருக்கு."

"அதுக்கென்ன மாப்பிள்ள, பக்கத்துல ரெண்டும் இருக்கட்டும். ஒண்ணுக்கு ரெண்டு காவல்" என்றார் அண்ணன்.

லினக்ஸ் பெட்டி மடமடவென்று வேலையைத் தொடங்கியது. சாப்ட்வேர் செய்வதை யுவராணி விளக்கிக்கொண்டே வந்தாள். ஸ்கேன் படத்தில் முகம், மண்டையோடு எல்லாம் சேர்ந்து இருக்கும். முதலில் மண்டையோட்டை நீக்கி மூளையை மட்டும் தனியாக எடுக்கும். பிறகு அதை ஒரு பொது மூளையோடு பொருத்தி நிமிர்த்தி வைக்கும். பிறகு பாகம் பாகமாகப் பிரித்து ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது என்று சொல்லும்.

"தேங்கா ஓட்டத் தட்டிட்டுப் பருப்ப முழுசா எடுக்கிற மாதிரியா?" என்றாள் மதினி.

"அதேதாம்மா. ஒரு கீறல் விழாம எடுக்கணும்."

"எனக்குப் பத்துக்கு ரெண்டுதான் முழுசா வரும்" என்று மதினி ஒத்துக்கொண்டாள்.

ஒரு கம்ப்யூட்டரில் ஐந்து மூளைக்கும் மூன்று மணி நேரம் பிடித்தது. இடையில் யுவராணி எழுந்து களத்துக்குப் போய் வத்தலைக் காலால் துழாவித் திருப்பிவிட்டு வருவாள். மதினியும் நானும் நிழலில் உட்கார்ந்து வெளிறிய வத்தலைப் பொறுக்கினோம். பாக்கர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தான். மத்தியானம் கம்பங்கூழும் நெத்திலி வறுவலும். புதன்கிழமை காலைக்குள் லினக்ஸும் மேக்கும் முடிந்துவிட்டன. கறுப்புத் திரையில் வெள்ளையாய் மூளை, பாகத்துக்கு ஒரு நிறம். இரண்டிலும் அளவுகள் ஒன்றாக இருந்தன.

"ரெண்டு தாண்டியாச்சு. ஒண்ணுதான் பாக்கி" என்று யுவராணி கையைத் தட்டினாள்.

அந்த ஒன்றுதான் சட்டியைக் கவிழ்த்தது.

விண்டோஸ் லேப்டாப்பும் மூன்று மணி நேரம் ஓடியது. ஒவ்வொரு கட்டத்துக்கும் முடிந்தது, முடிந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தது. கடைசியில் படத்தைத் திறந்தால் முழுக்கக் கறுப்பு. ஐந்து பேருக்கும் கறுப்பு. அளவெல்லாம் பூஜ்யம்.

செல்லச்சாமி அண்ணன் குனிந்து பார்த்தார். "மண்டைக்குள்ள ஒண்ணுமே இல்லேங்குதா?"

"எதையோ படிக்காம விட்டிருக்கய்யா. ஆனா எல்லாம் சரின்னு சொல்லுது."

"கொல்லைக்கே போகாம, தண்ணி பாச்சிட்டேன்னு சொல்ற ஆளா அது?" என்றாள் மதினி.

யோகேஸ்வரனுக்குப் போன் போட்டாள். அவர் நிதானமாகக் கேட்டார். "மேடம், இது உங்க லேப்டாப் பிரச்சினையா, நம்ம சாப்ட்வேர் பிரச்சினையான்னு மொதல்ல தெரியணும். லேப்டாப்புன்னா வேற ஒண்ணுல ஓட்டுங்க. சாப்ட்வேர்னா காரணத்தோட எழுதுங்க. காரணம் இல்லாம ‘ஓடல’ன்னு மட்டும் எழுதினா நான் மேல எதுவும் பேச முடியாது."

வேறு விண்டோஸ் லேப்டாப்புக்கு இந்த ஊரில் எங்கே போக? இருப்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அந்த லேப்டாப்புக்கு நடந்த வைத்தியம் என் நிலையத்தில் யாருக்கும் நடந்ததில்லை. வத்தல் பொடி உள்ளே போயிருக்கும் என்று பாக்கர் அடியைக் கழற்றிக் காற்றாடியைத் தூரிகையால் துடைத்தான். சிவப்பாய் ஒரு சிட்டிகை பொடி விழுந்தது, நாலு பேரும் சேர்ந்து தும்மினோம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாம் என்றாள் யுவராணி. அழித்ததும் அண்ணன் வந்து நின்றார்.

"புதுசா ஆரம்பிக்கிறதுன்னா மறுபடியும் சுழியில இருந்துதான் தாயி."

மறுபடியும் உ. மறுபடியும் மூன்று மணி நேரம். மறுபடியும் கறுப்பு.

வியாழக்கிழமை காலை, பக்கத்துக் கொல்லைகளில் மோட்டார் ஓடினால் கரண்ட் தாழ்ந்து போகிறது, அதனால் இருக்குமோ என்று யுவராணி சும்மா ஒரு வார்த்தை சொன்னாள். அண்ணன் பேசாமல் எழுந்து போனார். அன்று முழுக்கத் தன் மோட்டாரைப் போடவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர்கள் மூன்று பேரிடமும் போய்ப் பேசி அவர்களையும் போடவிடவில்லை. கடைசிப் பறிப்புக்கு நிற்கிற செடி, பங்குனி வெயில், தண்ணீர் இல்லை.

"செடி ஒரு நா தாங்கும். நம்ம புள்ள தாங்காது" என்று மதினியிடம் சொன்னதை நான் கேட்டேன். மகளிடம் அவர் இதைச் சொல்லவில்லை.

அன்றும் எல்லாவற்றையும் அழித்து, சுழி போட்டு, மூன்றாம் முறை ஏற்றினாள். மூன்று மணிக்கு மேற்கே திடீரென்று மேகம் கறுத்தது. வத்தல் நனைந்தால் ஒரு வருசத்துப் பாடு போச்சு. ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். நான் முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு வத்தலைக் கூட்டினேன், பாக்கர் தார்ப்பாயின் ஒரு மூலையைப் பல்லில் கடித்துக்கொண்டு இழுத்தான், யுவராணி கல் தூக்கி வைத்தாள். மூடி முடித்ததும் பத்து சொட்டு விழுந்தது. மேகம் கலைந்து பழைய வெயில் அடித்தது. பாக்கர் தார்ப்பாய் மேலேயே மல்லாந்து படுத்துச் சிரிக்க ஆரம்பித்தான், எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு உள்ளே போனோம். திரை கறுப்பாக இருந்தது.

யுவராணி அழவில்லை. மூடிய லேப்டாப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். மதினி வத்தலைச் சுட்டு அரைத்த துவையலும் சோறும் பிசைந்து ஊட்டப் போனாள், இருபத்தாறு வயசுப் பிள்ளைக்கு. அவளும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அண்ணன் காய்ந்த மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கமுதிச் சந்தைக்குப் போனார். போகும்போது, "சாயங்காலத்துக்குள்ள சரியாயிரும். நான் வாரேன்" என்றார். எப்போதும் அப்படித்தான் சொல்வார், நான் எழுதிய சர்க்கரை அட்டைக்கும் சொன்னவர்தானே.

ஒன்பது மணிக்கு யுவராணி எல்லாவற்றையும் அழித்துவிட்டு நாலாவது முறை ஆரம்பித்தாள். இம்முறை யாரும் வந்து நிற்கவில்லை. அவளும் எரிச்சலில் இருந்தாள். படபடவென்று தட்டி, டெஸ்ட் என்று ஆங்கிலத்தில் ஏதோ ஒரு பெயரில் போல்டரைத் திறந்து, சாப்ட்வேரை அதில் ஏற்றிவிட்டு, களத்துக்கு வத்தல் திருப்பப் போய்விட்டாள்.

நான் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்துவிட்டு மத்தியானம் வந்தேன். மதினி, பாக்கர், யுவராணி மூன்று பேரும் சாப்பிடாமல் மேசையைச் சுற்றி நின்றார்கள். யுவராணி படத்தைத் திறந்தாள்.

கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு மூளை.

இரண்டாவதைத் திறந்தாள். மூளை. ஐந்தும் மூளை. அளவுகளை லினக்ஸோடு ஒப்பிட்டாள், எல்லாம் ஒன்றாக இருந்தன. பாக்கர் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினான். "அல்ஹம்துலில்லா" என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை, மதினி போட்ட குலவை அப்படி. பாயசம் வைக்கிறேன் என்று அடுப்படிக்கு ஓடினாள்.

யுவராணி மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"என்னத்தா, சந்தோசப்படேன்" என்றேன்.

"ஏன் ஓடுச்சுன்னு தெரியலையேக்கா."

"ஓடிருச்சுல்ல. அனுப்பிவிடு" என்றான் பாக்கர். "மூணும் பாஸுன்னு எழுதி அனுப்பிட்டுப் பாயசம் குடி."

"நேத்து ஓடாதது இன்னைக்கு எப்படி ஓடுச்சு? அதே லேப்டாப், அதே சாப்ட்வேரு, அதே படம். மோட்டாருகூட இன்னைக்கு ஓடுது. என்ன மாறுச்சு?"

"ஒங்க அய்யா சந்தைக்குப் போயிருக்காரு. அது ஒண்ணுதான் மாறியிருக்கு" என்று விளையாட்டாகச் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, இன்னைக்கு நான் சுழி போடல."

அடுப்படியில் மதினி ஏலக்காய் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அவள் விளக்கியது எனக்குப் புரிந்த மட்டும் இதுதான். விண்டோஸ் மேல் குற்றமில்லை. இந்தச் சாப்ட்வேர் அதனிடம் போல்டரின் பெயரைக் கேட்கிற முறை பழையது. ஆங்கில எழுத்தென்றால் வாங்கிக்கொள்ளும். வேறு எழுத்தென்றால் அதைக் கேள்விக்குறியாக்கி, அப்படி ஒரு போல்டரே இல்லை என்று வெறுங்கையோடு திரும்பிவிடும். வெறும் கறுப்பையே மூன்று மணி நேரம் அலசிவிட்டு, வேலை முடிந்தது என்றும் சொல்லிவிடும். மற்ற இரண்டிலும் கேட்கிற முறை வேறு, அதனால் அங்கே சுழி ஒன்றும் செய்யவில்லை.

"அப்படித்தான் நெனைக்கிறேன். நெனச்சத எழுத முடியாது. மறுபடி சுழி போட்டு அஞ்சு பேரையும் ஓட்டி, கறுப்பா வருதான்னு பாக்கணும். ஒருத்தர மட்டும் ஓட்டுனா ஏத்துக்க மாட்டாங்க."

மணி ஒன்றாகியிருந்தது. ஓட்டினால் நாலுக்கு மேல் ஆகும். அறிக்கை எழுத ஒரு மணி நேரம் வேண்டும். பழைய லேப்டாப், பேட்டரி பத்து நிமிடம் தாங்காது; நடுவில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு.

"வேணாந்தங்கச்சி" என்றான் பாக்கர். "பாஸ் கையில இருக்கு. ஒலகத்துல எவன் போல்டருக்குச் சுழி போடப் போறான்? நம்ம செஞ்ச கூத்து நம்மளோட இருக்கட்டும். எழுதினா, இது என்ன புள்ளையா, சாமி பேர்ல மூணு நாள வீணாக்கியிருக்குன்னு அவரே சிரிப்பாரு."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் அதுவே பட்டது, மறைக்க மாட்டேன். அவள் சென்னைக்குப் போய்விடக் கூடாது என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

யுவராணி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். "சுழி போட மாட்டாங்க. பேர் வைப்பாங்கள்ல? அவங்கவங்க எழுத்துல? ஒரு டாக்டரு அவரு பேர்ல போல்டர் வச்சு, மூளையப் பாத்தா கறுப்பா இருக்கும். எதுனாலன்னு அவருக்குத் தெரியாது. சோதிக்கிறதுதான எனக்கு வேல" என்றாள். புது போல்டர் திறந்தாள். உ என்று அடித்தாள். ஓடவிட்டாள்.

அந்த மூன்று மணி நேரத்தில் நான் எத்தனை தடவை மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தேன் என்று கணக்கில்லை. அது நின்றால் கரண்ட் போச்சு என்று அர்த்தம். பாயசம் ஆறியது. பாக்கர் மூளையை விட்டுவிட்டு வத்தல் பொறுக்கப் போனான். தும்மவே இல்லை என்று மதினி சுட்டிக் காட்டிய பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. நாலே காலுக்கு யுவராணி கூப்பிட்டாள். ஓடிப் போய் நின்றோம். படத்தைத் திறந்தாள்.

கறுப்பு. கும்மென்று கறுப்பு.

பாக்கர் துள்ளிக் குதித்தான், மதினி மகளைக் கட்டிக்கொண்டாள், நான் என் பங்குக்கு மேசையைத் தட்டினேன். அந்த நேரம் பார்த்து செல்லச்சாமி அண்ணன் உள்ளே நுழைந்தார், ஒரு கையில் காராச்சேவு, ஒரு கையில் கருப்பட்டி மிட்டாய். திரையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"கறுப்பா வந்ததுக்கா இந்தச் சந்தோசம்?"

சட்டென்று எல்லாரும் அடங்கினோம். அவரிடம் யார் சொல்வது? மதினி என்னை இடித்தாள், நான் பாக்கரை இடித்தேன். யுவராணி எழுந்து போய் அவர் கையிலிருந்த பொட்டலங்களை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அய்யா, இத்தன நாளும் ஓடாம இருந்தது நம்ம சுழியாலய்யா."

ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடி தோளில் போட்டார். அந்தத் துண்டில் வத்தல் நெடி. கண் கலங்கியது அதனாலா என்று எனக்குத் தெரியாது.

"நாந்தான் மறுபடி மறுபடி போடச் சொன்னேன்" என்றார்.

"ஆமாய்யா."

"மூளையவே பிரிச்சு அளக்குற சாமானுக்கு, ஒரு சுழியப் படிக்கத் தெரியலையா?"

"தெரியலய்யா."

"அப்ப தப்பு யாரு மேல?"

யுவராணி அவரையே பார்த்தாள். அவள் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "அது மேலதான்யா."

"பெறகு என்ன நிக்கிற? எழுது. மூணு நாளா எங்கய்யா போட்ட சுழிய நீங்க படிக்கலன்னு எழுது. பேரோட எழுது." காராச்சேவைப் பிரித்து ஒரு கை வாயில் போட்டுக்கொண்டு, "இவனுக நம்ம ஊருக்கு சாமான் செய்றானுகளாம்" என்றார். மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு எனக்குப் பீறிட்டுக்கொண்டு வந்தது.

யுவராணி எழுதி அனுப்பும்போது ஆறு மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது.

ஆறரைக்குப் போன் வந்தது. எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். யோகேஸ்வரன்தான்.

"மேடம், பதினோரு மாசமா எங்களுக்குப் புகார் வருது. ஜப்பான்ல இருந்து, தாய்லாந்துல இருந்து, கிரீஸ்ல இருந்து. விண்டோஸ்ல படம் கறுப்பா வருதுன்னு. நாங்க இங்க ஓட்டிப் பார்த்தா நல்லா வரும். ஏன்னா இங்க எல்லாரும் போல்டருக்கு இங்கிலீஷ்லதான் பேர் வைக்கிறோம். ஒருத்தருக்கும் தோணல. உங்க அப்பா பக்கத்துல இருக்காரா?"

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு போனை நோக்கிக் குனிந்தார். "இருக்கேன் தம்பி. நாந்தான் சுழி போடச் சொன்னது."

"எங்க வீட்டுலயும் போடுவாங்க சார். நான்தான் விட்டுட்டேன்."

"இனிமே போடுங்க."

"போடுறேன் சார்" என்றார் பெங்களூர்க்காரர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. பிறகு, "மேடம், திங்கட்கிழமையிலிருந்து நீங்க எங்க நிரந்தர ஆள். லெட்டர் நாளைக்கு வரும். இடம் எதுன்னு போடணும், உங்க ஊர் பேர் சொல்லுங்க" என்றார்.

யுவராணி வாயைத் திறப்பதற்குள் அவளுடைய ஊர்ப் பெயரை நாங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

ஆறிய பாயசத்தை மறுபடி சூடுபண்ணிக் குடித்தோம். பாக்கர் மறுநாள் முதல் பஸ்ஸில் மேக்கையும் இரண்டு கிலோ முண்டு வத்தலையும் கட்டிக்கொண்டு போனான். அதிலிருந்த சுழியை அவன் அழிக்கவில்லை. ஒண்ணுக்கு ரெண்டு காவல் என்று மாமா சொன்னாரே என்றான்.

சித்திரை பிறந்து பத்து நாளில் திருத்திய பதிப்பு வந்தது. வெளியே விடுமுன் ஓட்ட வேண்டிய சோதனைகளின் பட்டியலும் கூட வந்தது, நாற்பது சோதனைகள். முதல் சோதனையின் பெயர் உ. அதில் தேறாமல் அடுத்தது தொடங்காதாம், எந்த நாட்டில் ஓட்டினாலும்.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். களத்திலிருந்து அப்படியே வந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். இம்முறை போல்டருக்கு அவரே பெயர் வைக்க வேண்டும் என்றாள். அவர் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடிப் பிடித்து, மெதுவாக அழுத்தினார். ஒரு மூளையை மட்டும் ஓடவிட்டாள். அரை மணி நேரமும் அவர் இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை.

விண்டோஸ் திரையில் வெள்ளை வெளேரென்று மூளை வந்து நின்றது.

"ஏ சேது, வந்து பாரு. தெரியுது, வந்து பாரு" என்று அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

மதினி உள்ளேயிருந்தே பதில் சொன்னாள். "மொதல்ல வத்தலத் திருப்பிவிட்டு வாங்க, வெயிலு சாயப் போகுது. படம் எங்கிட்டுப் போகப் போகுது, இங்கனதான இருக்கும். அவளும் இங்கனதான இருப்பா."